சிறுவாணி ஆறும் அது பிறக்கும் வனமும்: சிறுவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைப் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சிறுவாணி என்ற பெயர் பள்ளிக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வீட்டில் "சிறுவாணித் தண்ணி வந்திருச்சா?" என்று பெரியவர்கள் கேட்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆற்றை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்த ஆற்றைப் பற்றியும் அதற்கு நீர் தரும் மலைவனத்தைப் பற்றியும் சிறுவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில விடைகள் நீளமானவை. பக்கத்தில் ஒரு வரைபடமும் பென்சிலும் இருந்தால் படிப்பது எளிதாக இருக்கும்.

சிறுவாணி ஆறு எங்கே ஓடுகிறது?

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாக மேற்கே செல்லும் சாலை ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் சிறுவாணி அடிவாரத்தை அடைகிறது. அங்கே நின்றால் எதிரே மலை செங்குத்தாக எழுவது தெரியும். சிறுவாணி ஆறு அந்த மலைக்கு இந்தப் பக்கம் இல்லை. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள முத்திக்குளம் மலைக்காடுகளில் பிறக்கிறது. அங்கிருந்து வடக்கு நோக்கி இறங்கி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் பவானி ஆற்றுடன் கலந்துவிடுகிறது. பவானி, காவிரி, அமராவதி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய ஆறுதான். பள்ளிக்கூட வரைபடங்கள் பலவற்றில் இதற்கு ஒரு கோடுகூட இருக்காது.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன?

ஓர் ஆற்றுக்கு எந்தெந்த நிலத்தில் விழும் மழையெல்லாம் வந்து சேருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகும். ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டு ஓட்டின் மேல் விழும் மழையில் ஒரு துளி வாசல் பக்கம் வடியும். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி விழும் இன்னொரு துளி புழக்கடைப் பக்கம் வடியும். மலையிலும் அப்படியே நடக்கிறது. மலைமுகடு எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் பிரிகிறது. அந்த முகட்டை ஒட்டி ஒரு கோடு வரைந்தால் அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை.

சிறுவாணி மலை இதைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்ற இடம். ஏனென்றால் இங்கே தண்ணீர் இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை நொய்யலுக்கு வந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கொடுமுடிக்குக் கீழே காவிரியில் சேருகிறது. வடக்கு நோக்கி வடியும் மழை சிறுவாணி வழியாகப் பவானிக்குப் போய், அதுவும் கடைசியில் பவானி கூடுதுறையில் காவிரியை அடைகிறது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள சரிவுகளில் விழும் மழையோ பாரதப்புழைக்குப் போய் அரபிக்கடலில் கலக்கிறது. ஒரே மேகத்திலிருந்து, ஒரே நேரத்தில், சில அடி தூர இடைவெளியில் விழும் துளிகளில் ஒன்று வங்காள விரிகுடாவுக்கும் மற்றொன்று அரபிக்கடலுக்கும் பயணப்படக்கூடும்.

மலை, மேடு, பள்ளம் குறிக்கப்பட்ட வரைபடம் கிடைத்தால் இந்த எல்லையை நீங்களே வரையலாம். முதலில் ஆற்றின் வாய்ப்பகுதியில், அதாவது அது பவானியில் கலக்கும் இடத்தில், ஒரு புள்ளி வையுங்கள். பிறகு ஆற்றில் வந்து சேரும் ஓடைகள் ஒவ்வொன்றையும் அதன் தலைப்பு வரை பென்சிலால் தடவிக்கொண்டே போங்கள். ஓடைகள் முடியும் இடங்களுக்கு மேலே உள்ள முகடுகளை எல்லாம் இணைத்து, எந்த ஓடையையும் குறுக்கே வெட்டாமல், கோட்டைத் தொடங்கிய புள்ளிக்கே கொண்டுவந்து முடியுங்கள். கோடு ஓர் ஓடையைக் குறுக்கே வெட்டினால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று பொருள். 

ஆறு தொடங்கும் இடம் எது? அங்கே ஓர் ஊற்று இருக்கிறதா?

"இந்த ஆறு இந்த இடத்தில் உற்பத்தியாகிறது" என்று பாடப்புத்தகங்கள் ஒற்றை வரியில் சொல்லும்போது, ஏதோ ஒரு குழியிலிருந்து ஆறு முழுவதும் பொங்கி வருவதாகச் சிறுவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒற்றை வரி எனக்கு எப்போதும் உடன்பாடானதாக இருந்ததில்லை. முத்திக்குளத்துக்கு மேலே போய்த் தேடினால் ஒரே ஒரு தொடக்கம் கிடைக்காது. ஈரமான புல்வெளியில் கால் வைத்தால் நீர் கசியும் இடங்கள், பாறை வெடிப்பிலிருந்து விரலளவு தடிமனில் வழியும் நீர், மழை நாளில் மட்டும் ஓடும் சிற்றோடைகள், ஆண்டு முழுவதும் ஓடும் ஓடைகள் எனப் பல இடங்களில் அது ஒரே நேரத்தில் தொடங்கிக்கொண்டிருக்கும். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, சேர்ந்தவை மீண்டும் சேர்ந்து, ஓரிடத்தில் பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிதாகும்போது அதைச் சிறுவாணி என்கிறோம். ஆகவே ஆறு எது என்று கேட்டால் ஒரு கோட்டைக் காட்டாமல் அந்தச் சரிவு முழுவதையும் காட்டுவதே சரியான விடை.

மலையில் அவ்வளவு மழை பெய்யும்போது கோவையில் ஏன் பெய்வதில்லை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் காற்று மேலே ஏற வேண்டியிருக்கிறது. மேலே ஏறிய காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்திருப்பதோடு, இறங்க இறங்க அது சூடாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் ஆடி மாதத்தில் நமக்குச் சாரலும் பலத்த காற்றும் மட்டும் கிடைக்கின்றன. கோவை நகரில் ஓராண்டில் சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. மலையின் மறுபக்கத்தில் அதைப் போலப் பல மடங்கு பெய்கிறது. நகருக்கு வேண்டிய மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது.

பாலக்காட்டுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுவதால் பருவக்காற்றில் ஒரு பங்கு தடையில்லாமல் நம் பக்கம் நுழைகிறது. கோவையின் குளிர்ந்த காற்றுக்குக் காரணம் அதுவே.

மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் ஓடுவது எப்படி?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுவே முக்கியமானது என்பது என் கருத்து. மழை செப்டம்பரில் குறைந்துவிடுகிறது. வடகிழக்கு மழையும் டிசம்பரில் முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் பிப்ரவரியில் வனத்துக்குள் ஓடைகள் ஓடுகின்றன. மேலே அணை எதுவும் இல்லாத ஓடைகளும் ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது?

சோலைக்காட்டின் தரையை அருகில் குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும். மேலே காய்ந்த இலைகள் இருக்கும். அவற்றை விலக்கினால் கறுத்து, ஓட்டை விழுந்து, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள் தெரியும். அதற்கும் கீழே இலை என்று அடையாளம் காண முடியாத, கையில் எடுத்தால் பிசுபிசுக்கும் கருமண் இருக்கும். அதில் வெள்ளை நூல்களாகப் பூஞ்சைகள் படர்ந்திருக்கும். மண்புழு, மரவட்டை, கறையான் ஆகியவை குடைந்த சிறு துளைகள் எங்கும் இருக்கும். இன்னும் ஆழத்தில், செத்துப்போன மரவேர்கள் மட்கி மறைந்த இடங்களில் அவற்றின் தடிமனுக்கே குழல்கள் மண்ணுக்குள் இறங்கிச் செல்லும்.

மழைத்துளி இந்தத் தரையை நேராக வந்து அடிப்பதில்லை. முதலில் உயர்ந்த மரங்களின் இலைகளில் மோதி உடைகிறது; பிறகு நடுத்தர மரங்கள், புதர்கள், பாசி படிந்த கிளைகள் எனப் படிப்படியாக இறங்கி, சருகின் மேல் மெதுவாகச் சொட்டுகிறது. சருகு அதை ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. மண்ணின் துளைகள் வழியே இறங்கும் தண்ணீர் பாறை மட்டத்தை அடைந்து, அங்கிருந்து சரிவின் போக்கில் மண்ணுக்குள்ளேயே நகர்கிறது. மேற்பரப்பில் நிமிடங்களில் ஓடிவிடக்கூடிய தூரத்தை மண்ணுக்குள் கடக்க அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஆகவே பிப்ரவரியில் ஓடையில் தெரியும் தண்ணீர் சென்ற மழைக்காலத்தில் விழுந்து, இவ்வளவு நாளும் மண்ணுக்குள் நடந்து வந்த தண்ணீர். சிறுவாணிக்கு மனிதர்கள் கட்டிய அணை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால், அதைவிடப் பெரிய பரப்பில், காட்டின் தரை நீரைத் தேக்கி வைக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அடியில் துளையிட்ட ஒரே அளவான இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மண்ணைப் போட்டுக் கையால் நன்றாக அழுத்துங்கள். மற்றொன்றில் மட்கு கலந்த மண்ணைத் தளர்வாகப் போட்டு மேலே சருகு பரப்புங்கள். இரண்டையும் சற்றுச் சாய்த்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தொட்டியில் தண்ணீர் மேலோடு வழிந்து கலங்கலாக வெளியேறும். இரண்டாவது தொட்டியின் அடித்துளையிலிருந்து வெகு நேரம் கழித்துத் தெளிந்த நீர் சொட்டத் தொடங்கி, ஊற்றுவதை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் மரம் நட்டுவிடலாமா?

நல்ல எண்ணந்தான், ஆனால் அவசரப்படக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் சோலைகள் பள்ளங்களில் மட்டுமே இருக்கின்றன; அவற்றைச் சுற்றியுள்ள திறந்த சரிவுகளில் இயற்கையாகவே புல்தான் வளர்கிறது. அந்தப் புல்வெளி வெறும் தரிசு அன்று. புல்லின் அடர்ந்த வேர்களும் மழையை மண்ணுக்குள் விடுகின்றன. ஒரு காலத்தில் நீலகிரி முதலிய மலைகளில் புல்வெளிகளைப் பயனற்ற நிலமென்று கருதித் தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். வேகமாக வளரும் அந்த மரங்கள் மண்ணிலிருந்து நிறைய நீரை உறிஞ்சுவதால் அவை நடப்பட்ட பல இடங்களில் ஓடைகளுக்கு வரும் நீர் குறைந்தது. எந்த இடத்தில் எது இருந்ததோ அதைத் திரும்ப வளரவிடுவதே சரியான வழி. அந்த இடத்தில் இருந்தது புல்லாகவும் இருக்கலாம்.

ஒரு மழையில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் இப்படிப்பட்ட சதுரங்கள் 10 லட்சம் உள்ளன. எனவே ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர் கிடைக்கும். சிறுவாணியிலிருந்து கோவைக்கு முழு அளவில் தண்ணீர் எடுக்கும் ஒரு நாளில் எடுப்பதும் ஏறக்குறைய 10 கோடி லிட்டர்தான். ஆனால் விழும் மழை அத்தனையும் ஆற்றுக்கு வந்துவிடாது. இலைகளில் தங்கி ஆவியாவது, மரங்கள் குடித்து மூச்சாக விடுவது, ஆழத்துக்கு இறங்கிவிடுவது எல்லாம் போக மீதிதான் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறு நம் வீட்டுக் குழாய்க்கு எப்படி வருகிறது?

மலையைக் குடைந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவை ஒரு சிறிய நகரமாக இருந்தபோதே குடிநீருக்குத் திண்டாடியது. அந்தக் காலத்தில் கோவையில் வாழ்ந்த சே. ப. நரசிம்மலு நாயுடு, முத்திக்குளத்து நீரை நகருக்குக் கொண்டுவரலாம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர். அது கைகூட நீண்ட காலம் பிடித்தது. நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால், 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஆற்றில் சிறிய தடுப்பணை கட்டி, மலையின் ஊடே சுரங்கவழி வெட்டி, தண்ணீர் கோவைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆர். எஸ். புரம் என்று நாம் சுருக்கிச் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

நகரம் வளர்ந்ததும் அந்தத் தண்ணீர் போதவில்லை. தமிழ்நாடும் கேரளமும் 1973இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டு பெரிய அணையைக் கட்டத் தொடங்கின. அது 1984இல் பயன்பாட்டுக்கு வந்தது. அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 878.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கோவை நகரமோ 400 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அதனால் மின்மோட்டார் வைத்து ஏற்றாமலே, தண்ணீர் சுரங்கவழி வழியாகத் தானே இறங்கி அடிவாரத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே வடிகட்டி, குளோரின் கலந்து, குழாய்களில் நகரை நோக்கி அனுப்புகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இயற்கை பவானிக்கு என்று பிரித்துவிட்ட தண்ணீரை நாம் முகட்டுக்கு அடியில் துளையிட்டு நொய்யலின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் கொண்டுவந்திருக்கிறோம். நீங்கள் குளித்த சிறுவாணித் தண்ணீர் சாக்கடை வழியாகப் போய்ச் சேருவது நொய்யல் பக்கம்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் மேற்கே ஓட வேண்டிய தண்ணீரைப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குத் திருப்பியதும் இதே வகையான வேலை, இதைவிட மிகப் பெரிய அளவில்.

அணை கேரளத்தில் இருக்கிறது, தண்ணீரை நாம் குடிக்கிறோம். அப்படியானால் ஆறு யாருடையது?

அணையும் நீர்த்தேக்கமும் அதைச் சூழ்ந்த வனமும் கேரளத்தில் உள்ளன. உடன்பாட்டின்படி தமிழ்நாடு ஓராண்டில் 1.3 டி.எம்.சி. வரை எடுத்துக்கொள்ளலாம்; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இந்த 1.3 டி.எம்.சி.யை 365 நாளுக்குப் பங்கிட்டால் மேலே சொன்ன 10 கோடி லிட்டர் கணக்கு வந்துவிடும். செய்து பாருங்கள், ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கோடைக்காலத்தில் நீர்மட்டம் குறைந்துவிட்டால் இரு மாநில அதிகாரிகளும் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோவைப் பத்திரிகைகளில் சிறுவாணி நீர்மட்டம் இத்தனை அடி என்று வரும் செய்தியைப் பெரியவர்கள் உற்றுப் படிப்பது அதனால்தான்.

நாம் எடுக்காத தண்ணீர் எங்கே போகிறது?

அணையைத் தாண்டும் தண்ணீர் சிறுவாணி ஆறாகவே இறங்கி, அட்டப்பாடியின் வயல்களையும் ஊர்களையும் தொட்டு, பவானியில் கலக்கிறது. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், முக்காலி அருகே திரும்பிக் கிழக்கு நோக்கித் தமிழ்நாட்டுக்கே வந்துவிடும் ஆறு. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் பில்லூர் அணை வருகிறது. அங்கிருந்தும் கோவைக்கும் திருப்பூருக்கும் குடிநீர் எடுக்கிறார்கள். ஆகவே சிறுவாணி நீர் நேர்வழியில் நம்மிடம் வராவிட்டாலும், சுற்றுவழியாகப் பில்லூர்த் தண்ணீர் என்ற பெயரில் கோவையின் வேறொரு வீட்டுக் குழாய்க்கு வந்துசேர வாய்ப்புண்டு. மீதி மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிசாகர் அணைக்கும், கொடிவேரி, காளிங்கராயன் வாய்க்கால்களுக்கும் போகிறது. சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் இடையே பச்சையாகத் தெரியும் நெல்வயலில் முத்திக்குளத்து மழையும் கொஞ்சம் இருக்கும்.

கோவைக் குற்றாலம் சிறுவாணி ஆற்றின் அருவியா?

இல்லை. பெயர்ப் பலகைகளில் சிறுவாணி அருவி என்று எழுதியிருந்தாலும், அது மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அதன் நீர் சாடிவயல் வழியாக நொய்யலுக்குத்தான் போகிறது.

சிறுவாணித் தண்ணீர் ஏன் இனிக்கிறது? உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்கிறார்களே?

உலகில் இரண்டாவது என்ற பேச்சைக் கோவையில் கேட்காதவர்கள் இல்லை. யார், எந்த ஆண்டில், எந்தெந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து இந்த வரிசையைப் போட்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் ஒருவரும் விடை சொல்வதில்லை. முதலிடம் எதற்கு என்பதிலும் ஆளுக்கொரு பெயர். எனவே அதை ஊர்ப்பெருமை என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் சுவை உண்மையானது. அதற்குக் காரணமும் உண்டு. தண்ணீர் மண்ணிலும் பாறையிலும் தங்கும்போது அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. சிறுவாணி மலையின் பாறைகள் கடினமானவை, எளிதில் கரையாதவை. மழையும் அங்கே அதிகம் என்பதால் தண்ணீர் ஆண்டுதோறும் புதிதாக வந்து கழுவிக்கொண்டே இருக்கிறது. மேலே வயலோ ஆலையோ ஊர்ச் சாக்கடையோ இல்லை. ஆகவே கரைந்த உப்பு மிகக் குறைவு. சமவெளியில் ஆயிரம் அடி ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு எடுக்கும் நீர் நீண்ட காலம் பாறை இடுக்குகளில் கிடந்து சுண்ணாம்பு, மெக்னீசியம் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் நம் வீடுகளில் ஒன்றை நல்ல தண்ணி என்றும் மற்றொன்றை உப்புத் தண்ணி என்றும் சொல்லித் தனித்தனிக் குடங்களில் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளைப் பொருக்குப் படிவதற்கும் அதே உப்புகள்தான் காரணம்.

ஆற்றில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?

மலையோடை ஒன்றில் கையளவு கல்லை மெல்லத் திருப்பினால் அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு ஊரே இருக்கும். தட்டையான உடலோடு கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்திருக்கும் பூச்சிக்குஞ்சுகளைக் காணலாம். மணலையும் இலைத்துணுக்குகளையும் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டி, உடலைச் சுற்றி ஒரு குழல்வீடு கட்டிக்கொண்டு, தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டும் புழுவும் அங்கே இருக்கும். தட்டானின் இளம்பருவமும் தண்ணீருக்குள்தான். அது மற்றப் பூச்சிகளை வேட்டையாடுகிறது. இந்தப் பூச்சிகளில் பல, தண்ணீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) நிறைய இருந்தால் மட்டுமே பிழைக்கும். ஆகவே ஓர் ஓடை தூய்மையானதா என்று அறிய விஞ்ஞானிகள் முதலில் புரட்டுவது கல்லைத்தான். பார்த்து முடித்ததும் கல்லை முன்பு இருந்தவாறே திருப்பி வைத்துவிட வேண்டும்.

மணல் தரையில் அயிரை மீன் இரை தேடும். நண்டுகள் பாறை இடுக்கில் வாழும். பெரிய மடுக்களில் நீர்நாய் வந்து மீன் பிடிக்கும். மரங்களின் மேலே கருமந்திகளும் இருவாச்சிகளும் பழம் தின்று விதைகளைப் பரப்பி, மேலே சொன்ன அந்தத் தரைக்கு வேண்டிய மரங்களை வளர்த்துக்கொண்டிருக்கும்.

யானையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்ந்த யானை ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கோடையில் ஓடைகள் வற்றினால் கூட்டம் தண்ணீரைத் தேடி இறங்குகிறது. ஆலாந்துறை, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் யானை நுழைந்துவிட்டது என்று கேள்விப்படும் மாதங்களில், பள்ளங்களில் தண்ணீர் இருக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

அந்த மலையில் மனிதர்கள் வாழ்கிறார்களா?

ஆம். அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கிறார்கள்; இருளர்கள் நம் பக்கத்து அடிவாரங்களிலும் இருக்கிறார்கள். நகரத்துக்குக் குழாய் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த ஓடைகள் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து பலர் குடியேறி, காடு வெட்டப்பட்டு, அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மொட்டையானது. மண் கரைந்தது, ஆண்டு முழுவதும் ஓடிய ஓடைகள் மழைக்கு மட்டும் ஓடத் தொடங்கின. ஆனைகட்டிக்கு அருகில் இரு மாநில எல்லையில் ஓடும் கொடுங்கரைப்பள்ளம் அவற்றில் ஒன்று. 1990களுக்குப் பிறகு ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் கேரள அரசு அங்கே நிலத்தைச் சீர்செய்யும் பணியை மேற்கொண்டது. சரிவுகளில் தடுப்புகள் அமைத்து, மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, அந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளை வளரவிட்டார்கள். அதன் பிறகு கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆற்றில் எந்த வேலையும் செய்யாமல் சரிவில் வேலை செய்தே ஆற்றைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

அணையும் அதைச் சூழ்ந்த வனமும் பாதுகாக்கப்பட்ட பகுதி. வனத்துறையின் அனுமதியில்லாமல் போகக்கூடாது. யானை நடமாட்டமும் அதிகம். அணையைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். கோவைக் குற்றாலம் திறந்திருக்கும் நாளில் பெரியவர்களுடன் போய் மலையோடையைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குப் போனால், மலையிலிருந்து வந்த நீரை நொய்யலிலிருந்து வாய்க்காலுக்குத் திருப்பி, கோவையின் குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பும் பழைய ஏற்பாட்டின் தொடக்கத்தைக் காணலாம். என்னைக் கேட்டால், சிறுவர்களுக்கு அணையைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எங்கள் ஊர் கோவை இல்லை. எங்கள் வீட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது?

மழை பெய்யும்போது குடையோடு வாசலுக்கு வந்து, தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அது எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, அந்தப் பள்ளம் எந்தக் குளத்துக்கு, அந்தக் குளத்தின் கலிங்கு எந்த ஆற்றுக்கு என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டே போங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். திருப்பூர்க்காரர்கள் நொய்யலை அடைவார்கள். தாராபுரத்துக்காரர்களும் உடுமலைக்காரர்களும் அமராவதியை அடைவார்கள். கோபிக்காரர்கள் பவானியை அடைவார்கள். இவை எல்லாம் காவிரிக்குப் போகின்றன. பொள்ளாச்சியில் இருப்பவர்கள்தான் வியப்படைவார்கள். அவர்களுடைய ஆழியாறு மேற்கே திரும்பிக் கேரளத்துக்குள் நுழைந்து, பாரதப்புழையோடு பொன்னானியில் அரபிக்கடலைச் சேருகிறது. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே எங்கோ அந்த நீர்பிரியும் கோடு போகிறது. அங்கே மலை இல்லை, கண்ணுக்குத் தெரிகிற மேடுகூட இல்லை. அதை வரைபடத்தில் கண்டுபிடிக்க, மேலே சொன்ன பென்சில் முறையே போதும்.